கையடக்க இசைப்பெட்டியும் அதன் உறுப்பு மாற்றமும்

பொறியொன்றை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்துதல் ஒன்று. அதன் உள்ளமைப்பை அறிந்து அதனை ஆளுதல் மற்றொன்று. முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்குக் கல்வி வேண்டும். எமது கல்லூரி ஆய்வுகூடங்களிலே நாம் பயின்ற பௌதிகம் பரீட்சையோடு மறந்துவிடுதற்குரியதன்று. இதற்குச் சான்று வேண்டுமாயின் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பல வீடுகளில் மேசை லாச்சியினுள் ஓசையற்றுக் கிடக்கும் ஒரு சிறு பெட்டியே போதும். 'ஐபொட்' என்னும் கையடக்க இசைப்பெட்டியையே குறிப்பிடுகின்றோம்.

இதனை வைத்திருப்போர் இருவகையினர். ஒரு சாரார், இது பழுதுற்றது, இனிப் பயனில்லை எனக் கைவிடுவர். மற்றொரு சாரார், உறுப்புகளை மாற்றினால் புதிதாய் இருந்த காலத்தினும் இனிமையாகப் பாடும் என்று கூறி, விலையுயர்ந்த உறுப்புகளைத் தேடித் திரிவர். முன்னவர் கூற்று பெரும்பாலும் பிழை. பின்னவர் கூற்றிலே உண்மையும் உண்டு, மயக்கமும் உண்டு. அவ்விரண்டையும் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் முதலாவது ஐபொட்டை 2001 ஒக்டோபர் 23ஆம் நாள் அறிமுகஞ் செய்தது. தொஷிபா நிறுவனத்தின் 1.8 அங்குல வன்தட்டு அதனுள் இருந்தது. அதன் கொள்ளளவு 5 கிகாபைற்று. ஏறத்தாழ ஆயிரம் பாடல்களுக்கு அது இடங்கொடுத்தது. 2005 ஒக்டோபரில் ஐந்தாந் தலைமுறைக் கருவி 30, 60 கிகாபைற்று அளவுகளில் வெளிவந்தது. 2007இல் 'கிளாசிக்' என்ற பெயருடன் வந்த வகை 2014இல் நிறுத்தப்பட்டது. 2022 மே மாதத்தில் ஐபொட் வரிசையின் இறுதிக் கருவிக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஆகவே இன்று உள்ளவை யாவும் பழையனவே. அவற்றைப் பேணும் பொறுப்பு ஆக்கியோரிடமிருந்து உடையோரிடம் வந்து சேர்ந்துள்ளது.

உறுப்பொன்றை மாற்ற முற்படுமுன், அவ்வுறுப்பு செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். பாடல் முதலில் வன்தட்டில் இலக்கங்களாக உறைகின்றது. அங்கிருந்து இடைநினைவகத்துக்கு வருகின்றது. கணிக்கும் சுற்று அவ்விலக்கங்களை விரித்து, மாற்றி எனப்படும் சுற்றிடம் கொடுக்கின்றது. மாற்றி அவற்றை மின்னலையாக்குகின்றது. விரியலாக்கி அவ்வலையை வலுப்படுத்துகின்றது. ஹெட்போன் அதனை ஒலியாக்கிச் செவிக்கு அளிக்கின்றது. இவை அனைத்துக்கும் உணவூட்டுவது பற்றரி. இச்சங்கிலியில் எந்தக் கண்ணியை மாற்றினால் என்ன விளையும் என்பதை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது வன்தட்டு. இது ஒரு நிமிடத்துக்கு 4200 முறை சுழலும் தட்டையும், அதன்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் தலையையும் உடையது. கீழே விழுந்தால் தலை தட்டிற் படும். பட்டால் பதிவு அழியும். 'டிக், டிக்' என்னும் ஓசை மீண்டும் மீண்டும் எழுமாயின் தட்டின் இறுதிக்காலம் நெருங்கிவிட்டதென்று கொள்ளலாம். இதற்குப் பதிலாக அசையும் உறுப்பு எதுவுமில்லாத நினைவக அட்டையைப் பொருத்துதலே இன்று பலரும் செய்யும் முதல் மாற்றம். 2004இல் விற்பனைக்கு வந்த ஐபொட் மினியில் இது மிக எளிது. அதிலிருந்த சிறு தட்டின் இணைப்பு, ஒளிப்படக் கருவிகளுக்குரிய 'கொம்பக்ட் பிளாஷ்' அட்டையின் இணைப்பை ஒத்தது. ஆதலால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை இடலாம். ஐந்தாந் தலைமுறையிலும் கிளாசிக் வகையிலும் இடையே ஒரு பொருத்துப் பலகை தேவைப்படும்.

இம்மாற்றத்தால் கருவியின் பாரம் குறையும், அதிர்ச்சி தாங்கும், தட்டைச் சுழற்றச் செலவான மின்சாரமும் மிஞ்சும். ஆனால் ஒலி இனிமையடையுமா? அடையாது. பாடல் தட்டிலிருந்து நேரே ஒலிப்பதில்லை. 30 கிகாபைற்று ஐந்தாந் தலைமுறைக் கருவியில் 32 மெகாபைற்று இடைநினைவகம் உண்டு. தட்டு அதனை நிரப்பிவிட்டு ஓய்ந்துவிடும். பின்னர் இசை அந்நினைவகத்திலிருந்தே எழும். இலக்கம் தட்டிலிருந்து வந்தாலும் அட்டையிலிருந்து வந்தாலும் அதே இலக்கந்தான்.

அட்டையின் கொள்ளளவிலும் ஒரு கணக்குண்டு. 80, 120 கிகாபைற்று கிளாசிக் கருவிகளின் மூல மென்பொருள் தட்டின் முகவரியை 28 துவித இலக்கங்களால் எழுதுகின்றது. இரண்டின் 28ஆம் அடுக்கு 26,84,35,456. ஒவ்வொரு முகவரியிலும் 512 பைற்று அடங்கும். பெருக்கினால் ஏறத்தாழ 137 கிகாபைற்று வரும். இதனினும் பெரிய அட்டையை இட்டவர், மிகுதி இடம் எங்கே போயிற்றென்று தேடுவதில் பயனில்லை. அது முகவரியில்லாத வீடு. 2009இல் வந்த 160 கிகாபைற்று கருவியில் இவ்வெல்லை இல்லை. எனவே வாங்குமுன் தமது கருவி எவ்வாண்டினது என்பதை உறுதிசெய்தல் நன்று.

இரண்டாவது பற்றரி. இலிதியம் பற்றரி பயன்படுத்தினாலும் மூப்படையும். பயன்படுத்தாது வைத்தாலும் மூப்படையும். எமது நாட்டின் வெப்பம் அம்மூப்பை விரைவுபடுத்தும். உடையவர் தாமே மாற்றத்தக்கதாக அதனை அமைக்காமை குறித்து, கேசி நைஸ்டாட், வான் நைஸ்டாட் என்னும் சகோதரர் 2003இல் எடுத்த குறும்படம் உலகெங்கும் பேசப்பட்டது. வன்தட்டு இருந்த இடத்தில் மெல்லிய அட்டை அமர்ந்தபின் பெட்டியினுள் வெற்றிடம் உண்டாகின்றது. அவ்விடத்திற் பெரிய பற்றரியை வைக்கலாம். செலவு குறைந்து சேமிப்புக் கூடுவதால் கருவி முன்னையிலும் நெடுநேரம் பாடும். இது எவரும் கடிகாரம் பார்த்து உறுதிசெய்யக்கூடிய பயன்.

மூன்றாவது, கொள்ளளவி. எம்முள் மூத்தோர் 'ஒடுக்கி' என்று படித்ததும் இதுவே. ஒலியை மேம்படுத்துவோம் என்பவர் பெரிதும் கைவைப்பது இதில்தான். ஐந்தாந் தலைமுறைக் கருவியில் மாற்றியாகப் பணிபுரிவது, ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த வொல்ப்சன் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த சுற்று. அதன் வெளிவாயிலில் இசையலையோடு நேரோட்ட அழுத்தமும் கலந்திருக்கும். அவ்வழுத்தம் ஹெட்போனுக்குச் செல்லாது தடுத்து, அலையை மாத்திரம் விடுவதே கொள்ளளவியின் தொழில். ஆனால் இக்காவலன் தாழ்ந்த சுருதிகளையும் ஓரளவு மறித்துவிடுகின்றான். எந்த மீடிறனில் ஒலியின் வலு பாதியாகும் என்பதை, ஒன்றை 2π, தடை, கொள்ளளவம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்து அறியலாம்.

எடுத்துக்காட்டாக, 100 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியும் 16 ஓம் ஹெட்போனும் சேர்ந்தால் அவ்வெல்லை ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் கும்காரமும் தம்புராவின் மந்தர நரம்பும் இதனால் மெலியும். ஹெட்போன் 32 ஓம் ஆயின் எல்லை 50 ஹேர்ட்ஸுக்கு இறங்கும். 16 ஓமுடனேயே கொள்ளளவியை 470 மைக்ரோபரட்டு ஆக்கினால் 21 ஹேர்ட்ஸுக்கு வந்துவிடும். மனிதச் செவியின் கீழெல்லையும் ஏறத்தாழ அதுவே. இங்கே உறுப்பு மாற்றம் உண்மைப் பயன் தருகின்றது. கணக்குச் சொல்வதைக் காதும் கேட்கும்.

இனி அதே கருவியை வீட்டிலுள்ள பெரிய விரியலாக்கியோடு இணைப்போம். அதன் உள்வாயிலின் தடை 10,000 ஓம் என்க. முன்னைய 100 மைக்ரோபரட்டே இப்போது எல்லையை ஒரு ஹேர்ட்ஸிலும் கீழே, 0.16க்குக் கொண்டு செல்லும். 1 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி கூட 16 ஹேர்ட்ஸ் வரை விட்டுக்கொடுக்கும். எனவே இவ்விடத்திற் பெரிய கொள்ளளவி வாங்குவோர் கேட்க முடியாத ஒன்றுக்கே விலை கொடுக்கின்றனர். கிளாசிக் வகையிலோ நிலைமை இன்னும் வேறு. அதிலுள்ள சிரஸ் லொஜிக் நிறுவனத்தின் சுற்று, பூச்சியத்தை நடுவாகக் கொண்டே அலையை வெளிவிடுவது. நேரோட்டத்தைத் தடுக்கும் கொள்ளளவி அதற்கு வேண்டுவதில்லை. மாற்றவேண்டிய உறுப்பே இல்லாத இடத்தில் மாற்றத்தால் வரும் இனிமை எங்கே? ஒரே பெயருள்ள கருவிகளுக்கு ஒரே மருந்து பொருந்தாது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். "கணக்கு எப்படியாயினும் எமக்கு வேறுபாடு கேட்கின்றதே" என்பர் சிலர். அவர்கள் பொய் கூறவில்லை. ஆனால் செவியோடு மனமும் சேர்ந்தே கேட்கின்றது. விலை அறிந்தபின் கேட்பவர் விலையையும் கேட்கின்றார். மேலும் இரண்டு ஒலிகளில் ஒன்று இம்மியளவு உரத்திருப்பினும், அதுவே தெளிவுடையதாகத் தோன்றும். ஆதலால் இரண்டு கருவிகளின் ஒலியளவையும் மானியால் அளந்து சமப்படுத்துக. எது எதுவென்று அறியாதபடி நண்பர் ஒருவர் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்க. பதினாறு முறை கேட்டு, ஒவ்வொரு முறையும் விடையை எழுதுக. எட்டு, ஒன்பது விடைகளே சரியாயின் அது நாணயம் சுண்டியதற்கு ஒப்பாகும். பதினான்கு, பதினைந்து சரியாயின் வேறுபாடு மெய்யென்று கொள்ளலாம்.

செய்ம்முறையிற் கவனிக்க வேண்டியவை சில. எல்லாவற்றுக்கும் முன்னர், தட்டு இயங்கும்போதே அதிலுள்ளவற்றைக் கணினியிற் பிரதிசெய்க. பாடல்கள் மறைந்த கோப்புறையொன்றில் நான்கெழுத்துப் பெயர்களுடன் கிடக்கும். அஞ்சவேண்டாம், பாடலின் உண்மைப் பெயர் கோப்பினுள்ளே பெரும்பாலும் பதிந்திருக்கும். கடையில் வாங்கிய பாடலை மீண்டும் வாங்கலாம். கோயில் திருவிழாவில் ஒருவர் பதிந்து வைத்த நாதஸ்வரக் கச்சேரியையோ, மறைந்த தந்தையாரின் குரலையோ எக்கடையில் வாங்குவது? கருவி போனாற் போகட்டும். அது தாங்கி நிற்பது போகலாகாது.

பெட்டியின் பின்மூடியைத் திறக்க மெல்லிய பிளாஸ்திக்குத் தகடே தகும். உலோகக் கத்தி பற்றரியைக் குத்தினால் தீப்பற்றக்கூடும். பற்றரி வீங்கியிருப்பின் அதனை வளைத்தலும் அமுக்குதலும் ஆகா. மூடி விடுபட்டதும் சட்டென இழுத்தலும் ஆகாது. பற்றரியையும் ஹெட்போன் துவாரத்தையும் பலகையோடு பிணைக்கும் மெல்லிய நாடாக்கள் அறுந்துவிடும். கழற்றிய பழைய பற்றரியைக் குப்பையில் எறியாது, இலத்திரனியற் கழிவு சேகரிக்கும் இடத்திற் சேர்த்தல் கடமை. கொள்ளளவியைப் பற்றாசு வைத்துப் பொருத்துதல் பழகிய கைக்குரியது. மாணவர் முதலிற் பழுதான பலகையொன்றிற் கைபழகிய பின்னரே நல்ல கருவியைத் தொடல் வேண்டும்.

கூறியவற்றைத் தொகுப்பின், நினைவக அட்டையும் புதிய பற்றரியும் கருவியின் ஆயுளை ஐயமின்றி நீட்டும், ஒலியை மாற்றா. கொள்ளளவி சில கருவிகளில், சில ஹெட்போன்களோடு மாத்திரம் ஒலியை மாற்றும். எவற்றோடு என்பதை ஒருவரிக் கணக்கே சொல்லிவிடும். அக்கணக்கு எமது வகுப்பறைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதி அழிக்கப்பட்டது. மாணவரும் பழைய மாணவரும் தத்தம் வீட்டு லாச்சிகளைத் திறந்து பார்ப்பார்களாக. அங்கே கிடப்பது குப்பையா, இன்னும் பல்லாண்டு பாடவல்ல பெட்டியா என்பதைத் தீர்மானிக்கக் கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. கற்ற கல்வியைக் கேட்டாற் போதும்.