செய்தி அனுப்பும் நிரலில் இணைப்பும் அமர்வும்



வங்கிக்கணக்கிலிருந்து ஒருவர் பணம் அனுப்புகிறார். அச்செய்தி ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்ல வேண்டும். வழியில் தொலைந்தால் பணம் சேராது; இரு முறை சென்றால் இருமடங்கு கழியும். இத்தகைய செய்திகளைக் கொண்டு செல்ல ஜாவா மொழியில் ஒரு பொது முறை உண்டு. 1998-ஆம் ஆண்டில் 'ஜாவா மெசேஜ் சர்வீஸ்' என்ற பெயரில் வந்த அது, இன்று 'ஜகார்த்தா மெசேஜிங்' என வழங்குகிறது. அதில் வரும் இணைப்பு, அமர்வு ஆகிய இரண்டையும் இன்று காண்போம்.

ஓர் அலுவலகத்தை எண்ணிக்கொள்வோம். காலையில் கதவைத் திறக்கிறோம், மாலையில் பூட்டுகிறோம். ஒவ்வொரு கடிதத்திற்கும் திறந்து பூட்டுவதில்லை. இணைப்பும் அத்தகையதே. நம் நிரலுக்கும் செய்தி மையத்திற்கும் இடையே வழி அமைத்து, பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்த பின்னரே அது உருவாகிறது. இதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு முறை திறந்து, நெடுநேரம் பயன்படுத்துவதே முறை.

இணைப்பை உருவாக்கியவுடன் செய்திகள் வந்துவிடுமா? வாரா. 'ஸ்டார்ட்' என்னும் கட்டளை கொடுத்த பின்னரே வரும். அனுப்புவதற்கு அது தேவையில்லை.

அமர்வு என்பது அலுவலகத்தில் ஒரு கிராணியிடம் உள்ள பதிவேடு. ஒரே பதிவேட்டில் இரு கிராணிகள் ஒரே நேரத்தில் எழுதினால் கணக்குக் குழம்பும் அன்றோ? அதனால்தான் ஓர் இணைப்பைப் பல வேலை இழைகள் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் இழை ஒவ்வொன்றுக்கும் தனி அமர்வு வேண்டும் என விதித்துள்ளனர்.

பதிவுத் தபாலைப் பெற்றால் கையொப்பமிடுகிறோம். செய்தியைப் பெற்றதற்கான கையொப்பத்தை எப்போது இடுவது என்பது அமர்வைத் திறக்கும்போதே முடிவாகிறது. இங்கேதான் பணம் தொலைவதும் இரட்டிப்பதும் நேர்கின்றன.

தானே கையொப்பமிடும் முறையில், 'ரிசீவ்' கட்டளை செய்தியை நம் கையில் தந்ததுமே கையொப்பம் விழுந்துவிடும். பிறகு நிரல் நின்றுபோனால் அச்செய்தி மீண்டும் வராது. நாமே கையொப்பமிடும் முறையிலும் ஒரு பொறி உண்டு. மூன்றாம் செய்திக்கு ஒப்பமிட்டால், அதே அமர்வில் அதற்கு முன் பெற்ற இரண்டிற்கும் சேர்த்தே ஒப்பமிட்டதாகும். அவற்றின் வேலை முடிந்திராவிட்டாலும் சரியே!

செய்தியைப் பெற்று, அதன் பயனாக வேறொரு செய்தியை அனுப்ப வேண்டுமானால், பரிவர்த்தனை அமர்வு ஏற்றது. 'கமிட்' என்றால் இரண்டும் நிலைபெறும். 'ரோல்பேக்' என்றால் இரண்டும் இல்லையாகும். எனினும், வேலையை முடித்து ஒப்பமிடுமுன் நிரல் நின்றால் அதே செய்தி மறுபடி வரும். எனவே, பண உத்தரவின் எண்ணைக் குறித்துவைத்து, முன்பே கண்ட எண்ணை ஒதுக்குவது நம் பொறுப்பு.

இறுதியாக, மூடுதல். நாம் எழுதிய நிரல் ஒன்றில் ஒவ்வொரு செய்திக்கும் புது இணைப்பைத் திறந்தோம். பிழை நேர்ந்த வேளைகளில் மூடாமல் விட்டுவிட்டோம். காலையில் நன்றாக ஓடியது. பிற்பகலில் மையம் புதிய இணைப்புகளை ஏற்க மறுத்தது; செய்திகள் தேங்கின. பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் மூடும் கட்டளை நடந்தே தீருமாறு எழுத வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம். 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பு, நிரற்பகுதி முடிந்ததும் இவை தாமாகவே மூடிக்கொள்ள வழி செய்தது. இணைப்பை மூடினால் அதன் அமர்வுகளும் மூடப்படும்.

ஒரு விலக்கும் உண்டு. சில பெரிய சேவையகங்கள் இணைப்புகளைச் சேமித்துவைத்து இரவல் தருகின்றன. அங்கே வேலைதோறும் பெற்று, உடனே மூடுவதே சரி. மூடுவது அங்கே திருப்பித் தருவதாகும்.

ஆக, நேயர்களே, இணைப்பைச் சிக்கனமாகத் திறப்போம். அமர்வை இழைக்கு ஒன்றாக வைப்போம். வேலை முடிந்த பின்னரே ஒப்பமிடுவோம்.