தொலைவிலுள்ள அச்சுப்பொறியும் வடிகட்டியின் பிழையும்

மறு கட்டடத்திலுள்ள அச்சுப்பொறிக்கு மடலொன்றை அனுப்பிவிட்டு நாம் அங்கு சென்று பார்க்கையில், மடலுக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறியும் வியப்புக் குறியுமாய்த் தொடங்கும் கட்டளை வரிகள் தாள் தாளாய்க் குவிந்து கிடத்தலுண்டு. அன்றி, வரிகள் படிக்கட்டுப் போல வலப்புறமாகச் சரிந்திருத்தலும் உண்டு. அச்சுப்பொறி பழுதென்று பலர் எண்ணுவர். பிழையோ பெரும்பாலும் வடிகட்டியிலேயாம்.

வடிகட்டி என்பது, நாம் தரும் கோப்பினை அச்சுப்பொறி அறிந்த மொழிக்கு மாற்றும் சிறு நிரல். முதலிற் சொன்னது, போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலமைந்த கோப்பு மாற்றப்படாமல் வெறும் எழுத்தாகச் சென்றதன் விளைவு. மற்றையதைத் தட்டச்சுப்பொறியிற் பழகியோர் எளிதில் உணர்வர்: தாள் ஒரு வரி மேலேறிற்று, வண்டியோ வரியின் தொடக்கத்திற்கு மீளவில்லை. யுனிக்ஸ் வழிவந்த முறைகள் வரியின் முடிவில் ஒரு குறியையே இடும். சில அச்சுப்பொறிகளோ இரண்டினை வேண்டும்.

இவ்வேலையில் இரு கணினிகள் ஈடுபடுதலே சிக்கலுக்கு மூலம். அனுப்பும் கணினி, மறுபுறத்தார் வடிகட்டுவரென விட்டுவிடும். பெறும் கணினியோ வந்ததை வந்தவாறே விடுக்கும். சில வேளை இரண்டும் வடிகட்டிவிடும். ஒருவரும் உப்பிடாத கறியும் இருவரும் உப்பிட்ட கறியும் உண்ணத் தகா. ஆதலின், வடிகட்டல் எக்கணினியில் நிகழ்கின்றது என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

அச்சுப்பொறி இணைந்துள்ள கணினியிலிருந்தே ஒரு தாளை அச்சிட்டுப் பார்க்க. அது செவ்வனே வருமாயின் குறை அனுப்புமிடத்திலோ இடைவழியிலோ உளது. 1999 இல் வெளிவந்த கப்ஸ் முறையில், 631 ஆம் வாயில் திறந்துளதா என்று நோக்குக. பின்னர் இரு கணினிகளிலும் பிழைப்பதிவேட்டை விரிவாக எழுதப் பணித்து, ஒரேயொரு வேலையை அனுப்பி, அதன் இலக்கத்தைத் தொடர்ந்து வாசிக்க. எவ்வடிகட்டி இடையில் நின்றதென்பது அங்கே தெரியும்.

யான் பணிபுரிந்த ஓரிடத்திலே, மறுநாட் காலைத் தேர்வுக்குரிய வினாத்தாளை அச்சிட முயன்று ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இழந்தேன். கையால் இயக்கியபோது வடிகட்டி பிழையின்றி நடந்தது; வரிசையில் வந்த வேலைக்கோ மறுத்தது. காரணம் அற்பமானது. கப்ஸ் தன் வடிகட்டிகளை அதிகாரங் குறைந்த வேறொரு பயனராகவே இயக்கும். எனது எழுத்துருக் கோப்போ என் சொந்தக் கோப்புறையில் பூட்டுண்டு கிடந்தது. பொது இடத்திற்கு அதனை மாற்றியதும் தாள்கள் வந்தன.

சோதனைக்காக வேலைக் கோப்புகளை அழியாது வைத்திருக்கப் பணித்திருந்தால், முடிந்தவுடன் அதனை நீக்கிவிடுக. வினாத்தாளின் படி அக்கணினியிலே தங்கியிருக்கும்.