உங்கள் டிஜிட்டல் கையெழுத்து யார் கையில்?

தூத்துக்குடியில் கருவாடு ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். டிஜிட்டல் சிக்னேச்சர் பற்றிச் சொல்லித் தரும்படி என்னை அழைத்தார். "டோக்கன் எங்கே?" என்று கேட்டேன். "ஏஜெண்ட் ஆபீஸில் இருக்கிறது. பாஸ்வேர்டும் அவர்களுக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டிஜிட்டல் கையெழுத்து என்பது கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டும் படம் அல்ல. அதற்கு இரண்டு சாவிகள் உண்டு. பிரைவேட் கீ, பென் டிரைவ் போன்ற யு.எஸ்.பி. டோக்கனுக்குள் பூட்டியிருக்கும். பப்ளிக் கீயை யாரும் பார்க்கலாம். நீங்கள் கையெழுத்திடும்போது, ஃபைலில் இருந்து ஹேஷ் என்னும் சிறிய எண் கணக்கிடப்பட்டு, பிரைவேட் கீயால் முத்திரையிடப்படுகிறது. பெறுபவரின் கம்ப்யூட்டர் அதைப் பப்ளிக் கீயால் சரிபார்க்கும். ஃபைலில் ஒரு கமா மாறியிருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, அந்தப் பப்ளிக் கீ உங்களுடையதுதான் என்று யார் சொல்வது? ஈமுத்ரா போன்ற சான்றளிக்கும் நிறுவனங்கள் உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துச் சர்டிபிகேட் தருகின்றன. அவற்றுக்கு லைசென்ஸ் தருபவர், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி நியமிக்கப்பட்ட மத்திய அரசின் கன்ட்ரோலர். நம்பிக்கை இப்படிச் சங்கிலியாக வருகிறது.

இதை நீங்களே பார்க்கலாம். டோக்கனைச் செருகி, கன்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் திறந்து, கன்டென்ட் டேபில் சர்டிபிகேட்ஸ் பட்டனைக் க்ளிக் செய்யுங்கள். உங்கள் பெயரில் டபுள் க்ளிக் செய்து, சர்டிபிகேஷன் பாத் டேபைத் திறந்தால், உச்சியில் சி.சி.ஏ. இந்தியா என்று இருக்கும்.

ஆனால் டோக்கனும் பாஸ்வேர்டும் அடுத்தவரிடம் இருந்தால், கையெழுத்திட்டது யார் என்று இந்தச் சங்கிலியால் சொல்ல முடியாது. உங்கள் பெயரைத்தான் காட்டும். பிரைவேட் கீயைப் பாதுகாப்பது உங்கள் கடமை என்கிறது அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவு. அது கைமாறிவிட்டால், சான்றளித்த நிறுவனத்துக்குத் தகவல் சொல்லும்வரை பொறுப்பு உங்களுடையதே.

ஏஜெண்ட் மூலம் சுங்கத் துறையில் தாக்கலாகும் ஆவணங்களுக்கு 2016 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அதற்கு ஏஜெண்ட் தனது சொந்த டோக்கனைப் பயன்படுத்தலாமே!

நண்பர் அன்று மாலையே டோக்கனை வாங்கி வந்து பாஸ்வேர்டை மாற்றினார். டோக்கன் தொலைந்துபோனால், சான்றளித்த நிறுவனத்திடம் சொல்லிச் சர்டிபிகேட்டை உடனே ரத்து செய்யுங்கள். கையெழுத்திட்ட வெற்றுக் காகிதத்தை யாரிடமும் கொடுக்க மாட்டோம் அல்லவா? டோக்கனும் அப்படித்தான்.