கிணற்று மோட்டாரை விரித்துப் போட்டால் ரயில்

பழனி அருகே நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் கரும்புக்கும் தென்னைக்கும் தண்ணீர் இறைக்கும் த்ரீ ஃபேஸ் மோட்டாரும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிச் செல்லும் எல்ஆர்டி எனும் இலகு ரயிலும் இயங்குவது ஒரே தத்துவத்தில்தான். அங்கே யுனிவர்சிட்டி நிலையத்தில் வந்து நிற்கும் ரயிலின் சக்கரங்களைச் சுழற்ற மோட்டார் கிடையாது. சக்கரங்கள் பாரத்தைத் தாங்கி உருள்வதோடு சரி.

இது எப்படி என்று புரிய, காயில் கட்டும் கடைக்குப் போனால் போதும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது உற்றுப் பாருங்கள். வெளிக்கூட்டுக்குள் இருப்பது ஸ்டேட்டர். அதன் உட்சுவர் நெடுக, காடி காடியாக வெட்டிய இரும்புத் தகடுகள். காடிகளுக்குள் செம்புக் கம்பி. கம்பி வெளியே பிதுங்காமல் மூங்கில் சீவலைச் செருகி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். நடுவிலிருந்து உருவியெடுத்த ரோட்டாரிலோ கம்பிச் சுற்றே இல்லை; கரண்ட் உள்ளே போக ஒரு வயர்கூட இல்லை. பெரும்பாலும் இரும்புக்குள் வார்த்த அலுமினியப் பட்டைகள் மட்டும்தான். ஆனாலும் சுற்றுகிறது!

மூன்று ஃபேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வருவதால் ஸ்டேட்டருக்குள் காந்தப்புலம் சுழல்கிறது. அது அலுமினியத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட மின்னோட்டம், தன்னைத் தூண்டிய புலத்தின் பின்னாலேயே ரோட்டாரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. நான்கு துருவ மோட்டாரில் புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். மோட்டாரின் பெயர்த்தகட்டிலோ 1,440 என்பது போல ஓர் எண் இருக்கும். ரோட்டார் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். அந்தப் பின்தங்கல் இல்லையென்றால் விசையே பிறக்காது.

இப்போது அந்த ஸ்டேட்டரை ஒரு பக்கம் கீறி, சுருட்டிய பாயை விரிப்பது போல விரித்துவிடுங்கள். புலம் இனிச் சுழலாது, நேர்கோட்டில் ஓடும். இதுதான் நேரியல் தூண்டல் மோட்டார். யுனிவர்சிட்டி நிலையம் இருக்கும் கோலாலம்பூரின் கெலானா ஜெயா தடத்தில் விரித்த ஸ்டேட்டர் பெட்டியின் அடியில் தொங்குகிறது. ரோட்டாரின் வேலையைச் செய்வது, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே வழி நெடுகப் பதித்திருக்கும் அலுமினியத் தகடு. ஓடும் புலம் தகட்டைப் பின்னோக்கித் தள்ளுகிறது. தகடு தரையோடு பிணைந்திருப்பதால் பெட்டி முன்னே போகிறது. 1998 செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்ட இந்தத் தடத்தில் ஓட்டுநரும் இல்லை; கணினிதான் ஓட்டுகிறது.

நேரியல் மோட்டாரைப் பிரபலமாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் எரிக் லெய்த்வெயிட்டுக்கு இதில் ஆர்வம் பிறந்தது தறியில்! நாடாவை அடித்துத் தள்ளாமல் காந்தப்புலத்தாலேயே ஓட்ட முடியுமா என்று மான்செஸ்டரில் ஆராயத் தொடங்கியவர் அவர். நூற்பாலைகள் நிறைந்த நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

சாதாரண ரயிலில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து உந்த வேண்டும். மழை நனைத்தால் பிடிமானம் வெகுவாகக் குறைந்து சக்கரம் வழுக்கும். ஏற்றம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் நீலகிரி மலை ரயிலுக்குப் பல்சக்கரமே பொருத்த வேண்டியிருந்தது. நேரியல் மோட்டாருக்கோ இந்தப் பிடிமானமே தேவையில்லை. பிற்பகல் மழை அடிக்கடி கொட்டும் கோலாலம்பூருக்கு இது பெரிய வசதி. நிறுத்த உதவுவதும் அதே மோட்டார்தான். இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். அதுபோலவே புலத்தின் திசையைத் திருப்பினாலோ, ரயிலின் வேகத்துக்குக் கீழே புலத்தின் வேகத்தைக் குறைத்தாலோ தள்ளிய விசையே தடுக்கும் விசையாகிவிடும். இது மாணவர்களுக்கும் ஏற்றது. கல்லூரிக் கூட்டம் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. வகுப்பு தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் மொத்தமாகத் திரளும். அந்தக் கூட்டத்துக்கு மின்னல் வேக ரயில் ஒன்றைவிட, சட்டென்று கிளம்பி, சட்டென்று நின்று, அடுத்தடுத்து வரும் சிறு ரயில்கள்தான் உதவும்.

மலாயாப் பல்கலைக்கழகம் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. அங்கே இந்தியவியல் துறைத் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியில்தான் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஆனால் யுனிவர்சிட்டி நிலையம் அதன் வளாகத்துக்குள் இல்லை; இறங்கியவர்களை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது இணைப்புப் பேருந்து. அந்தப் பேருந்து ஒழுங்காக வராவிட்டால் இத்தனை நுட்பமும் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

செலவும் உண்டு. கிணற்று மோட்டாரில் ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓடும் ரயிலில் சுமார் ஒரு சென்டிமீட்டராவது விட வேண்டும். இடைவெளி கூடக்கூட மின்சாரம் வீணாகும். தடம் முழுக்கத் தகடு பதித்து, அதன் உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கனடாவின் வான்கூவர் 1985 முதல் இதே முறையில் ரயில் ஓட்டுகிறது. டொரண்டோவின் ஸ்கார்பரோ தடமோ 2023இல் ஒரு பெட்டி தடம் புரண்ட பிறகு திறக்கப்படவேயில்லை. ஆக, ஏற்ற இறக்கமும் மழையும் அடிக்கடி நிறுத்தமும் உள்ள ஊருக்கு இந்த முறை தகும். திண்டுக்கல் – பழனி போன்ற நீண்ட தடத்துக்கு வீண் செலவு என்பேன்.

ஆனால், பழனியாண்டவர் பாலிடெக்னிக் போன்ற கல்லூரிகளின் மின்னியல் ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கச் செலவு அதிகமில்லை. காடி வெட்டிய இரும்புத் தகடுகளை நேராக அடுக்கி, காயில் கட்டும் கடைக்காரர் துணையோடு மூன்று ஃபேஸுக்கும் கம்பி சுற்றி, ஆசிரியர் மேற்பார்வையில் மின்னழுத்தத்தை வெகுவாகக் குறைத்துக் கொடுத்தால், மேலே வைத்த அலுமினியத் தகடு ஒரு பக்கமாக ஓடும். இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் திரும்பி வரும்.