பத்தில் ஒன்றை அளக்க முடியாத கணிப்பொறி

உங்கள் பள்ளியில் கணிப்பொறி இருந்தால், பைதான் போன்ற ஒரு நிரல் மொழியில் 0.1 + 0.2 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 0.3 என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? 0.30000000000000004 என்று விடை வரும்! கடைக்காரர் வைத்திருக்கும் கால்குலேட்டர் சரியாகச் சொல்வதைக் கணிப்பொறி ஏன் தவறவிடுகிறது? அது பழுதாகிவிடவில்லை. அது எண்களை அளக்கும் முறையே அப்படி.

உங்கள் பாட்டியிடம் பழைய முகத்தல் அளவைகளைப் பற்றிக் கேளுங்கள். படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. கணிப்பொறியின் பின்னங்களும் இதே போலத்தான், பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போகின்றன. 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரும எண் முறையில் அதற்கு வேறு வழியில்லை. 1 என்றால் அந்த அளவையைப் பயன்படுத்து. 0 என்றால் விட்டுவிடு.

இனி இந்த அளவைகளை மட்டும் கொண்டு ஒரு படி அரிசியில் பத்தில் ஒரு பங்கை அளப்போம். உரி, உழக்கு, ஆழாக்கு மூன்றுமே பெரியவை. ஆழாக்கில் பாதி, அதாவது 1/16 படி, போடலாம். அதிலும் பாதியான 1/32 படியும் போடலாம். இரண்டும் சேர்ந்து 3/32. இன்னும் எவ்வளவு வேண்டும்? 1/10-இலிருந்து 3/32-ஐக் கழித்தால் 1/160. இந்த 1/160 என்பது என்ன? நாம் தொடங்கிய அதே பத்தில் ஒன்றின் பதினாறில் ஒரு பங்கு! ஆக, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டோம். கணக்குதான் பதினாறு மடங்கு சிறுத்துவிட்டது. மறுபடியும் இரண்டு அளவைகள் போட்டால் மறுபடியும் அதே மீதி, இன்னும் சிறியதாக. இது ஒருநாளும் முடியாது. கணிப்பொறியிலோ இடம் குறைவு. ஆகவே அது ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது.

இவ்வளவு சிறிய துணுக்கால் யாருக்கு என்ன நட்டம் என்று நீங்கள் கேட்கலாம்.

1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில், எதிரியின் ஏவுகணைகளை வானிலேயே தடுக்க அமெரிக்கப் படை 'பேட்ரியட்' என்னும் கருவியை நிறுத்தியிருந்தது. அதன் கணிப்பொறி, பத்தில் ஒரு வினாடிகளை ஒன்று, இரண்டு என்று முழு எண்ணாக எண்ணிக்கொண்டே வரும். அதை வினாடியாக மாற்ற, 24 இரும இலக்கங்களுக்குள் வெட்டப்பட்ட பத்தில் ஒன்றால் பெருக்கும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பிழை 0.000000095 வினாடி, ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தக் கருவி 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணியில் 36 லட்சம் எண்ணிக்கைகள். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.34 வினாடி.

கண் சிமிட்டும் நேரம்தான். ஆனால் வருகிற ஸ்கட் ஏவுகணை வினாடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் பாய்வது. அடுத்த நொடியில் அது எங்கே இருக்கும் என்று கணித்து, ரேடார் அந்த இடத்தை மட்டும் உற்றுப் பார்க்கும். கணித்த இடம் அரை கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போயிருந்தது. அங்கே ஒன்றும் தென்படவில்லை. பிப்ரவரி 25 அன்று அந்த ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் விழுந்து 28 பேர் இறந்தனர்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. நீண்ட நேரம் ஓடினால் பிழை சேர்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தது. கருவியை நிறுத்தி மறுபடி இயக்கினாலே எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒன்றிரண்டு நிமிட வேலை. "மிக நீண்ட நேரம்" ஓட்டினால் குறி விலகும் என்று நான்கு நாள் முன்னதாகவே செய்தியும் அனுப்பினார்கள். எத்தனை மணி நேரம் என்று அதில் இல்லை. விடையில் அலகு எழுதாவிட்டால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார் என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள். பெரியவர்களின் அலுவலகக் கடிதங்களையும் யாராவது அப்படித் திருத்தினால் தேவலை. திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று.

நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு, பள்ளிக் கணக்கில் பிற்பாடு அதிகம் உதவியது எது என்று கேட்டால் பின்னம் என்பேன். வட்டி, வாடகை, மளிகைக் கணக்கு எல்லாம் பின்னமாகத்தான் வருகின்றன. அதனால்தான் பணக்கணக்கு எழுதும் நிரலாளர்கள் பலர் ரூ. 10.10 என்பதை அப்படியே வைப்பதில்லை; 1010 பைசா என்று முழு எண்ணாக வைக்கிறார்கள். முழு எண்ணில் வெட்ட வேண்டிய வால் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், நம் பழைய நாணயம் கணிப்பொறிக்கு மிகவும் பிடித்திருக்கும். 1957 ஏப்ரல் 1-க்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா, ஓரணா, அரையணா, காலணா எல்லாமே பாதி பாதியாக வருபவை. ஒரு துணுக்கும் மிஞ்சாமல் இருமத்தில் அடங்கிவிடும். அணாவில் பன்னிரண்டில் ஒன்றான 'பை' மட்டும் அடங்காது. அங்கே 3 நுழைந்துவிடுகிறது.

தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவையும் அப்படியே: 1/2, 1/4, 1/8, 1/16. ஆனால் 'மா' என்பது 1/20. மேலே அரிசியை அளந்தது போல இதையும் அளந்து, எந்த இடத்தில் கணக்கு தொடக்கத்துக்குத் திரும்புகிறது என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.