சிறிய காருக்குச் சிக்கனமான டயர்



நம் நாட்டிலே சிறிய கார் வைத்திருப்போர் பெரும்பாலும் செல்வர்களல்லர். ஆசிரியர், எழுதுவினைஞர், தாதியர், சிறு வணிகர் முதலியோரே அவர்கள். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திற் பலரும் பழைய மாருதி, அல்டோ வண்டிகளையே பேணி ஓட்டினர், இன்றும் ஓட்டுகின்றனர். அத்தகைய குடும்பத்திற்கு நான்கு டயர்களை ஒருங்கே மாற்றுவது பெருஞ்செலவாகும். ஆதலின், "எது மலிவு?" என்று கேட்பது நியாயமே. ஆயினும் அதற்குரிய விடை விலைச்சீட்டில் மாத்திரம் எழுதப்பட்டிருப்பதில்லை.

ஓடும் காருக்கும் வீதிக்கும் உள்ள தொடர்பு யாது? ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவான இடமே நிலத்தைத் தொடுகின்றது. பிரேக்கை அழுத்தும்போதும், வளைவிலே திரும்பும்போதும், பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளின் உயிர் அந்நான்கு உள்ளங்கைகளிலேயே தங்கியிருக்கின்றது. டயரிலுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவையல்ல. மழைநீரை ஒதுக்கி வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் வெள்ளம் நிற்பதுபோல, பள்ளம் தேய்ந்தால் டயருக்கும் வீதிக்கும் இடையே நீர் நின்றுவிடும். அப்பொழுது வண்டி நீரின்மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா.

அப்பள்ளங்களின் அடியிலே சிறு மேடுகள் உள. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயரின் மேற்பரப்புத் தேய்ந்து அம்மேடுகளோடு சமமாயின், அதன் ஆயுள் முடிந்ததென்க. ஈரவீதியிலே பிடிப்பு அதற்கு முன்னரே குறையத் தொடங்குவதால், பள்ளம் 3 மில்லிமீற்றரளவிற்கு வந்ததும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன்பாகவே மாற்றிவிடுதல் அறிவுடைமையாம்.

புதிய டயர் வாங்குமுன் பழைய டயரை உற்று நோக்குங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. இரு ஓரங்களும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருப்பின் வீல் அலைன்மென்ட் பிழை. காரணத்தைத் திருத்தாது டயரை மாத்திரம் மாற்றுவது, ஓட்டைக் குடத்திற்கு மீண்டும் நீர் வார்ப்பதை ஒக்கும்.

இனி, டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்போம். 145/80 ஆர் 12 என்று இருப்பதாகக் கொள்வோம். 145 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு என்பதைக் குறிக்கும். ஆர் என்னும் எழுத்து ரேடியல் வகையையும், 12 என்பது சில்லு வளையத்தின் விட்டத்தை அங்குலத்திலும் உணர்த்தும். "இது சற்று மலிவு, இதுவும் பொருந்தும்" என்று கடைக்காரர் 145/70 ஆர் 12 டயரைக் காட்டலாம். அது வளையத்திற் பொருந்துவது உண்மையே. ஆனால் முன்னதன் முழு விட்டம் ஏறத்தாழ 537 மில்லிமீற்றர். பின்னதன் விட்டம் 508. ஆகவே வண்டி ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். வேகமானியும் உண்மையான வேகத்தைக் காட்டாது. உங்கள் வண்டிக்கு உரிய அளவு எதுவென்பதை அதன் கைநூலிலோ கதவோரத் தகட்டிலோ காணலாம்.

அளவையடுத்து 74 டீ என்பது போன்ற ஒரு குறி இருக்கும். 74 என்றால் அந்த டயர் 375 கிலோகிராம் வரை தாங்கும். டீ என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்திற்கு ஏற்றது. வண்டிக்கு விதிக்கப்பட்ட எண்ணிலும் குறைந்ததை எவ்விலைக்கும் வாங்கலாகாது. இன்னுமோர் இடத்தில் நான்கு இலக்கங்கள் உள. 3524 எனின், 2024 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரத்திற் செய்யப்பட்டதென்பது பொருள். இறப்பர் ஓடாமற் கிடந்தாலும் முதுமையடையும். நெடுங்காலம் கடையிற் கிடந்த டயரை "புதிது" என்று கழிவு விலைக்குத் தருவோரிடம் இவ்விலக்கங்களைச் சுட்டிக்காட்டுங்கள்.

இப்பொழுது கணக்கிற்கு வருவோம். உதாரணத்திற்காக ஒரு டயர் 12,000 ரூபா, அது 24,000 கிலோமீற்றர் ஓடும் என்றும், வேறொன்று 16,000 ரூபா, அது 40,000 கிலோமீற்றர் ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதற்குக் கிலோமீற்றருக்கு 50 சதம். இரண்டாவதற்கு 40 சதம். நான்கு டயர்களுக்கும் 40,000 கிலோமீற்றருக்குக் கணக்கிட்டால், விலை கூடியதே 16,000 ரூபாவை மிச்சப்படுத்துகின்றது. எந்த டயர் எவ்வளவு ஓடும் என்பதை அதே வகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவோரிடம் கேட்டறியலாம். ஆயினும் நெடுநாள் உழைப்பது ஒன்றே குணமன்று. கடினமான இறப்பர் மெல்லத் தேயும். ஆனால் ஈரவீதியிற் பிடிப்புக் குறைந்ததாகவும் இருக்கலாம். ஆகையால், "மழையில் எப்படி?" என்பதையும் மறவாது கேளுங்கள்.

பாவித்த டயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே ஒட்டுப் போட்டதா, சுவரில் வெடிப்பு உண்டா, வீக்கம் உண்டா என்பவற்றைப் பார்வையால் மாத்திரம் முழுதும் அறிய இயலாது. தேய்ந்த டயரிலே கத்தியால் மீண்டும் பள்ளம் வெட்டி விற்பதோ உயிரோடு விளையாடுவதாகும். கையிலே பணம் குறைவாயின், நான்கு பாவித்த டயர்களை வாங்குவதினும் இரண்டு நல்ல புதிய டயர்களை வாங்குவது மேல்.

அவ்விரண்டையும் எங்கே பூட்டுவது? "முன்பக்கம்" என்றே பலர் கூறுவர். பின்பக்கம் பூட்டுவதே பாதுகாப்பானது. முன்சில்லு வழுக்கினால் ஓட்டுநர் அதனை ஸ்டியரிங்கில் உணர்ந்து வேகத்தைத் தணிக்கலாம். பின்சில்லு வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதனைத் திருத்துவது தேர்ந்தவர்க்கும் அரிது.

புதிய டயர் பூட்டும்போது காற்று வால்வையும் மாற்றி, சில்லைச் சமநிலைப்படுத்துங்கள். மாதம் ஒருமுறையேனும், வண்டி ஓடிச் சூடேறுமுன், காற்றழுத்தத்தைப் பாருங்கள். மேலதிகச் சில்லையும் விட்டுவிடாதீர்கள். செலவில்லாத இச்சிறு கவனமே டயரின் ஆயுளைப் பெருக்கும், எரிபொருளையும் மிச்சப்படுத்தும்.

நேயர்களே, குறைந்த விலை கொடுப்பது வேறு, சிக்கனம் வேறு. கொடுத்த பணத்திற்கு நெடிய உழைப்பையும், மழைநாளில் நம்பி வீடு திரும்பும் உறுதியையும் பெறுவதே சிக்கனம். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது விலையைக் கேட்குமுன் டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். எழுத்தறிந்த எவர்க்கும் அது இயலும்.