நைலண்ட் வீட்டின் நான்கு பிள்ளைகள்

நியூயார்க் மாநிலத்தில் எரி கால்வாய்க் கரையில் உள்ள ஊர் டோனவாண்டா. அங்கு வாழ்ந்த மைக்கேல் நைலண்ட், அகஸ்டா தம்பதிக்கு எட்வர்ட், பிரெஸ்டன், ராபர்ட், பிரெட்ரிக் என நான்கு ஆண்பிள்ளைகள். கடைசிப் பையனை எல்லோரும் ஃபிரிட்ஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நால்வருமே படையில் இருந்தார்கள்.

முதல் அடி பர்மாவிலிருந்து வந்தது. எட்வர்ட் சென்ற பி-25 குண்டுவீச்சு விமானம் 1944 மே 16 அன்று அங்கே வீழ்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி ஆயிரக்கணக்கான தமிழர்கள் கால்நடையாகத் தப்பி வந்ததும், வழியிலேயே பலர் மாண்டதும் அந்த நாட்டின் காடுகளில்தான். எட்வர்டைக் 'காணவில்லை' என்று வீட்டுக்குத் தகவல் போனது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பெற்றவர்களைத் தவிக்கவிடும் சொல் அது. அழுது தீர்க்கவும் அது இடம் தராது.

மூன்று வாரம் கழித்து நார்மண்டிப் படையிறக்கம். 82-வது வான்குடைப் படைப்பிரிவில் இருந்த ராபர்ட், ஜூன் 6 அன்று நெவில்-ஓ-ப்ளேன் என்ற சிற்றூரில் போரிட்டார். நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வீரர்கள், தங்களைவிடப் பன்மடங்கு பெரிய ஜெர்மன் படையை அங்கே மணிக்கணக்கில் தடுத்து நிறுத்தினார்கள். கடைசியில் மற்றவர்கள் பின்வாங்க வழி செய்து, இயந்திரத் துப்பாக்கியோடு தங்கிவிட்ட ராபர்ட் அங்கேயே உயிர்விட்டார். மறுநாள், யூட்டா கடற்கரை வழியாக வந்த 4-வது காலாட்படைப் பிரிவின் அதிகாரி பிரெஸ்டன், கிரிஸ்பெக் பீரங்கித் தளத்தருகே கொல்லப்பட்டார்.

101-வது வான்குடைப் படைப்பிரிவின் ஃபிரிட்ஸும் அதே மண்ணில் பாராசூட்டில் குதித்தவர்தான். அண்ணன் ஒருவர் இறந்த செய்தி எட்டியதும், தம் படையின் பாதிரியார் பிரான்சிஸ் சாம்ப்சனிடம் போனார். சாம்ப்சன், காயம்பட்டவர்களை விட்டு வர மறுத்து ஜெர்மானியரிடம் சிக்கி, சுட்டுக்கொல்லப்படும் தருவாயில் பிழைத்து வந்தவர். இருவரும் வீரர்களைப் புதைத்திருந்த இடத்துக்குச் சென்றார்கள். பெயர்ப் பட்டியலில் தேடிய பெயர் இல்லை. பிரெஸ்டன் நைலண்ட் என்ற வேறொரு பெயர் இருந்தது. அவரும் தம் அண்ணன்தான் என்றார் ஃபிரிட்ஸ். ஓர் அண்ணனின் குழியைத் தேடி வந்த இளைஞனுக்கு, இன்னோர் அண்ணனும் இல்லை என்பதை அந்தத் தாள்தான் சொன்னது. தேடி வந்த அண்ணனின் குழி பக்கத்து இடுகாட்டில் கிடைத்தது.

பர்மாவில் காணாமற்போனவரும் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டதால், பெற்றோருக்கு மிஞ்சிய ஒரே மகன் ஃபிரிட்ஸ் என்று கணக்கானது. 1942 நவம்பரில் குவாடல்கனால் அருகே 'ஜூனோ' என்ற போர்க்கப்பல் மூழ்கியதில், அதிலிருந்த சல்லிவன் சகோதரர்கள் ஐவரும் மடிந்திருந்தார்கள். ஒரே வீட்டில் அத்தனை சாவு மறுபடி விழக்கூடாது என்ற எண்ணம் அதற்குப்பின் அமெரிக்காவில் வலுத்திருந்தது. மிஞ்சிய ஒரே மகனுக்குக் கட்டாயப் படைச் சேர்ப்பிலிருந்து சட்டம் விலக்கு அளித்ததோ 1948-இல்தான். அதற்கு முன்பே ஃபிரிட்ஸை ஊருக்கு அனுப்ப சாம்ப்சன் ஏற்பாடு செய்தார். எஞ்சிய போர்க்காலத்தை ஃபிரிட்ஸ் நியூயார்க்கில் ராணுவக் காவலராகக் கழித்தார்.

1998-இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரையன்' திரைப்படத்துக்கு இந்தக் குடும்பத்தின் கதையும் ஒரு தூண்டுதல். படத்தில் ஒரு சிறு படையே உயிரைக் கொடுத்து ரையனைத் தேடுகிறது. ஃபிரிட்ஸை யாரும் அப்படித் தேடிப் போகவில்லை. அவரே பாதிரியாரைத் தேடி வந்தவர். அண்ணனைத் தேடி இடுகாடு இடுகாடாக அலைந்த அந்த நாள், எந்தச் சண்டைக் காட்சியையும்விடக் கனமானது.

எட்வர்ட் சாகவில்லை. ஜப்பானியரிடம் பிடிபட்டு, ஏறக்குறைய ஓராண்டு சிறைமுகாமில் கிடந்து, 1945 மே மாதம் விடுதலையாகி உயிரோடு வீடு திரும்பினார். ராபர்ட்டும் பிரெஸ்டனும் நார்மண்டியின் கொல்வில்-சுர்-மேர் அமெரிக்க வீரர் கல்லறைத் தோட்டத்தில், 9,300-க்கும் மேற்பட்ட கல்லறைகளுக்கு நடுவே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். ஃபிரிட்ஸ் 1983-இலும் எட்வர்ட் அதற்கு மறுஆண்டும் காலமானார்கள்.